ஆறடிக்கு நாலடி

அந்த ஸ்டுடியோவில் முகங்களுக்கு ஒரு விதி உண்டு. பத்து நாளில் தானாகப் போகிறதை எடுத்துவிட வேண்டும்; ஆயுசுக்கும் கூட வருகிறதை விட்டுவிட வேண்டும். பரு போகலாம், மச்சம் போகக் கூடாது. தூக்கம் கெட்ட கண்ணின் கருவளையம் போகலாம், வயசின் சுருக்கத்தில் பாதிக்கு மேல் கை வைக்கக் கூடாது. மச்சத்தை எடுத்துவிட்டால் பெற்ற தாயே இது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பாள், பருவை விட்டுவிட்டால் பிள்ளை படத்தையே வாங்காது என்பார் ஸ்டுடியோக்காரர்.

அந்த விதியைப் பன்னிரண்டு வருடமாகக் கையில் வைத்திருந்தவள் டச்சிங் அக்கா. அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரரே யோசிப்பார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர், கையில் பேனா மாதிரி ஒரு குச்சி, அவ்வளவுதான் அவள் பட்டறை. நிறத்தை ஒரு அடுக்காகவும் தோலின் துளைகளை இன்னொரு அடுக்காகவும் பிரித்து வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் நீவிவிடுவாள். துளைகள் அப்படியே இருக்கும். அதனால்தான் அவள் தொட்ட முகம் மெழுகுப் பொம்மையாகாமல், நேற்று நன்றாகத் தூங்கி எழுந்த முகம் மாதிரி இருக்கும். ஒரு முகத்துக்கு மூன்று நிமிடம். மனசு வீட்டில் அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று அலைந்துகொண்டிருக்கும், கை பாட்டுக்குக் கை வேலையைச் செய்யும்.

அந்தக் கைதான் அவள் தங்கச்சியைக் கவிழ்த்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் தங்கச்சி ஸ்டுடியோவின் பின்வாசல் வழியாக வந்தாள். கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே கத்தரிக்காய் நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது. அடித்தவன் அவள் புருஷன். டயர் கடை வைத்திருந்ததால் டயர்கடை என்றே அவனுக்குப் பெயர். அக்கா அவளை விளக்குக்கு முன்னால் உட்காரவைத்து நாலு படம் எடுத்தாள். பதினோரு மணிக்குள் படம் வேண்டும் என்று வக்கீலின் குமாஸ்தா போனில் விரட்டினார். பள்ளிக்கூட அடையாள அட்டைப் படம் நாற்பத்திரண்டு வேறு அன்றைக்குக் குவிந்து கிடந்தது. அக்கா போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, எத்தனை மணி, எந்தக் கையால் அடித்தான், அப்போது வீட்டில் யார் இருந்தார்கள் என்று அவர் கேட்டதற்கெல்லாம் அழுகையை விழுங்கிவிட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கை தன் வேலையைச் செய்தது. ரத்தக்கட்டு பத்து நாளில் தானாகப் போகிற சங்கதி. அதை எடுத்தது. வீக்கத்தை உள்ளே தள்ளியது. பழைய படத்தின் மேலேயே சேமித்தது. நாலு படமும் நாற்பத்திரண்டோடு சேர்ந்து அச்சாகி உறைக்குள் போயின. அவள் பிரித்துப் பார்க்கவில்லை. கேமராக்காரர் அடுத்த வேலைக்குக் கிளம்பும்போது வழக்கப்படி கேமராவின் மெமரி கார்டைக் காலி செய்துவிட்டுப் போனார்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் படத்தை உயர்த்திப் பிடித்து, "இந்தக் கன்னத்துல காயம் எங்க இருக்குன்னு யாராச்சும் காட்டுங்க, நான் கோட்டைக் கழட்டி வெச்சுடறேன்" என்றார். சிரிப்பு எழுந்தது. டாக்டரிடம் போனதோ அஞ்சு நாள் கழித்து; நடுவில் எங்கே போய் விழுந்தாளோ என்றார்கள். அக்கா எழுந்து, தன் கை செய்த தப்பு என்று சொல்லிப் பார்த்தாள். கூடப் பிறந்தவள் வேறெப்படிச் சொல்வாள் என்றார்கள். வழக்கு போயிற்று, டயர்கடை விவாகரத்தும் வாங்கிக்கொண்டான். அதைவிடக் கொடுமை, தங்கச்சிக்குப் பொய்க்காரி என்ற பெயர் நின்றுவிட்டது. கடையில் நின்றால் பின்னால் ஒரு குரல், குழாயடியில் நின்றால் முன்னால் ஒரு குரல். அவள் வெளியே போவதையே விட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து டயர்கடையைப் பழிவாங்க வேண்டும் என்பது அக்காவுக்குப் பசி மாதிரி வேளாவேளைக்கு வந்தது. அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. அவன் கடையில் இருக்கிற டயர் எல்லாம் ஒரே நாளில் வெடிக்க வேண்டும், அவன் நடுவில் நிற்க வேண்டும் என்று டீ குடிக்கும்போது சொல்வாள். ஸ்டுடியோக்காரர், "ஆறிடப் போகுதும்மா, டீயச் சொன்னேன்" என்பார்.

மழை ஒரு வாரமாக விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் அவனே வந்தான். குடையை உதறி வாசலில் வைத்தான். பின்னால் அவன் அம்மா. அவளுக்கும் பின்னால் ஒரு பெண், இருபத்திநாலு இருபத்தைந்து வயசு இருக்கும், கழுத்தைச் சுற்றி ஒரு துப்பட்டா. மேட்டுத்தெரு பேக்கரிக்காரரின் மகள் என்று அக்காவுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்தச் சம்பந்தம் பேசி முடிந்திருப்பதும் தெரியும். தெரிந்தாலும் கண்ணால் பார்க்கும்போது வயிறு எரியாமல் இருக்குமா?

"என்னக்கா, சௌக்கியமா?" என்றான், கண்ணாடித் தடுப்பில் விரலால் தட்டி. "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு படம். மண்டபத்து வாசல்ல வைக்கணும். ஆறடிக்கு நாலடி."

"ஊர்ல வேற ஸ்டுடியோவே இல்லையா?"

"இருக்கே, பத்து இருக்கு. ஆனா இந்தக் கை வருமா? உங்க கையாலதானேக்கா நான் தலைநிமிர்ந்து நடக்கறேன். நன்றிய மறக்கக் கூடாதுல்ல."

"பழசெல்லாம் எதுக்குடா இப்ப," என்றாள் அவன் அம்மா, சிரிப்பை முந்தானையால் துடைத்துக்கொண்டு. "நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம்."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அவன் பாய்ச்சிவிட்டுத் திருகவும் செய்தான். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டுடியோக்காரரைப் பார்த்தாள். அவர் விளக்கின் குடையைச் சரிசெய்கிற மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். வந்த வாடிக்கையை விரட்டுகிற மனுஷர் இல்லை அவர். கெட்டவரும் இல்லை.

படம் எடுத்தார்கள். துப்பட்டாவை எடுக்கச் சொன்னபோது அந்தப் பெண் தயங்கினாள். மாமியார் ஆகப்போகிறவள் பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து, அவள் தாடைக்குக் கீழே இன்னொரு பூச்சு பூசிவிட்டுத் தள்ளி நின்றாள். "சிரிங்க," என்றார் கேமராக்காரர். டயர்கடை சிரித்தான். அந்தப் பெண்ணும் உதட்டை விரித்தாள்.

போகும்போது அவன் கம்ப்யூட்டர் பக்கம் குனிந்து, "இவ கழுத்துப் பக்கம் லைட் சரியா விழலக்கா. கொஞ்சம் கருப்படிக்குது. நல்லா சாஃப்ட் பண்ணிடுங்க" என்றான்.

அவர்கள் தலை மறைந்ததும் அக்கா படத்தைத் திறந்தாள். அவள் திறந்தது அவன் முகத்தை. அந்தக் கழுத்தைப் பற்றி அப்போது அவளுக்கு நினைப்பே இல்லை. அவன் முகத்தை மூன்று மடங்கு பெரிதாக்கினாள். பன்னிரண்டு வருடமாக எதையெல்லாம் மறைத்தாளோ அதையெல்லாம் அவன் மேல் ஏவிவிட்டாள். மூக்கின் துளை ஒவ்வொன்றையும் தோண்டினாள். கண்ணின் கீழ்ப்பையை இறக்கினாள். பல்லில் மஞ்சளை ஏற்றினாள். முன்மண்டையில் முடியைக் குறைத்து வெளிச்சத்தைக் கூட்டினாள். அரைமணி நேரம். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். பிறகு படத்தைச் சின்னதாக்கி முழுசாகப் பார்த்தாள். திரையில் ஒரு அசிங்கமான ஆள் இருந்தான். அவ்வளவுதான். அசிங்கமாக இருப்பது குற்றமா? பார்க்கிறவர்கள் பாவம் மாப்பிள்ளை, படம் சரியாக வரவில்லை என்பார்கள். ஸ்டுடியோவைத் திட்டுவார்கள். வேறு அச்சுப் போட்டுக் கொடுக்கச் சொல்வார்கள். அத்தனையையும் அழித்தாள்.

அலுப்போடு பக்கத்து முகத்துக்கு வந்தாள். கழுத்துப் பக்கம் பெரிதாக்கினாள்.

பவுடர் திட்டுத்திட்டாக நின்றது. பவுடர் கருப்பை மறைக்கும், நிறத்தை மறைக்காது. தாடைக்குக் கீழே அவளுக்கு இடது பக்கம் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பெரிய தடம், கட்டைவிரல் அகலம். வலது பக்கம் காதோரம் வரைக்கும் வரிசையாக மூன்று. வெளிச்சக் குறை அப்படி வரிசை கட்டி நிற்காது. இந்த நிறங்கள் அவளுக்கு மனப்பாடம். முதல் நாள் சிவப்பு, இரண்டாம் நாள் கத்தரி, ஐந்தாறு நாளில் பச்சை, அப்புறம் மஞ்சள். தங்கச்சியின் கன்னத்தில் நாள்நாளாகப் பார்த்திருக்கிறாள். இது ஆறு நாள் பழசு.

பேனாவைக் கீழே வைத்தாள். கை தானாக எதையாவது செய்துவிடுமோ என்று பயமாக இருந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வீட்டில் தங்கச்சி கேக் டப்பா மடித்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவளுக்கு இப்போது பிழைப்பு. தட்டையாக வருகிற அட்டையைக் கோடு பார்த்து மடக்கி, நாலு மூலையையும் செருகி, பத்துப் பத்தாக அடுக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் அட்டை அறுத்த கீறல். டப்பா யாருக்கு? அதே பேக்கரிக்காரருக்குத்தான்.

நாலு மாதத்துக்கு முன்னால் அவர் டப்பா எடுக்க அவரே வந்தார். வழக்கமாக வண்டிக்காரர்தான் வருவார். அன்றைக்கு வாசலில் நின்று, செருப்பைக் கழற்றாமல், என் பொண்ணுக்கு அந்த டயர்கடை வரன் வந்திருக்கு, நீதான் சொல்லணும் என்றார். தங்கச்சி வாயைத் திறந்தாள். இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். கோர்ட்டில் காட்டிய அதே படம், பையனின் அம்மா கொடுத்திருந்தாள். "போட்டோவுல ஒண்ணும் இல்லையேம்மா," என்றார். திட்டவில்லை, கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். டப்பா வேலையை நிறுத்தவும் இல்லை. அந்த நியாயஸ்தரை என்னவென்று திட்டுவது?

சோறும் முட்டையும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. அக்கா அவன் முகத்தைப் பேயாக்கின கதையைச் சொன்னாள். பல்லில் மஞ்சள் ஏற்றிய இடத்தில் தங்கச்சி சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

"முடிய எவ்ளோ எடுத்த?"

"பாதி மண்டை."

"மீதியும் எடுத்திருக்கலாம்ல."

"எடுத்திருப்பேன். அப்பறம் அந்தப் பொண்ணு மூஞ்சிக்கு வந்தேன்டி."

சொன்னாள். கட்டைவிரல், மூன்று விரல், ஆறு நாள். தங்கச்சியின் கையில் பாதி மடித்த டப்பா அப்படியே நின்றது.

"எந்தப் பக்கம் கட்டைவிரலு?"

"அவளுக்கு இடப்பக்கம்."

"அப்ப இடது கை. எனக்கும் இடது கைதான். வலது கைல கடை சாவி வெச்சிருப்பான்." டப்பாவைக் கீழே வைத்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடியேவா? என்கிட்ட ஆறு மாசமாச்சும் பொறுத்தான்."

"அதான் சொல்றேன். பவுடர இறக்கிட்டு அப்படியே அடிக்கப் போறேன். ஆறடிக்கு நாலடி. மண்டபத்து வாசல்ல, வர்றவன் போறவன் எல்லாம் பாக்கட்டும். காறித் துப்பட்டும். எனக்கு ரெண்டு வருஷமா தொண்டைல நிக்குதுடி, அது எறங்கணும்."

"அடிக்காத."

"என்னது?"

"அடிக்காதன்னு சொல்றேன். அது அவ கழுத்து. உன் ஆத்திரத்துக்கு அவ கழுத்தத் தூக்கி வாசல்ல மாட்டுவியா? அவள ஒரு வார்த்தை கேட்டியா?"

"உனக்காகத்தானே..."

"எனக்காகத்தான் அன்னைக்கும் பண்ண."

அக்கா பிசைந்த சோற்றை அப்படியே விட்டாள். இரண்டு வருடத்தில் தங்கச்சி ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அக்கா எத்தனை நாள் நினைத்திருக்கிறாள். இப்போது வந்துவிட்டது. வந்தால் இப்படி வலிக்கும் என்று தெரியவில்லை.

"வேணும்னா பண்ணேன்?" என்றாள் அக்கா.

"வேணும்னு பண்ணலைன்னு தெரியும். அதுக்காக வலிக்காம இருக்குமா?" தங்கச்சி தட்டை அவள் பக்கம் தள்ளினாள். "சாப்பிடு. எனக்கும் அவன் நாசமாப் போகணும். உன்னவிட எனக்குதான் அதிகமா வேணும். ராத்திரி படுத்தா அவன் சாவற மாதிரி நெனச்சுப் பாத்துட்டுதான் தூங்கறேன். ஆனா இந்தத் தடவ மூஞ்சிக்குச் சொந்தக்காரிகிட்ட கேளு. அவ எடுக்கச் சொன்னா எடுத்துரு. விடச் சொன்னா விடு. அவ்ளோதான்."

மறுநாள் மாதிரிப் படம் பார்க்கப் பெண்ணை அனுப்பச்சொல்லி அக்காவே டயர்கடையின் வீட்டுக்குப் போன் செய்தாள். பின்னணிக்கு எந்தப் பூ நிறம் வேண்டும் என்று பெண்தான் பார்க்க வேண்டும், ஆம்பிளைக்கு என்ன தெரியும் என்று அவன் அம்மாவிடம் சொன்னதும் அவளுக்குப் பெருமையாகிவிட்டது. பெண் தனியாக, நனைந்த செருப்போடு வந்தாள்.

அக்கா இரண்டு படத்தைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று அவள் கைப்பட நீவியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் அதுதான், அத்தனை அழகு. இன்னொன்று நீவாதது. பெண் முதல் படத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டாவதையே பார்த்தாள். கை துப்பட்டாவுக்குப் போயிற்று.

"இதுல நீங்க ஏதாச்சும் சேத்திருக்கீங்களா?"

"சேக்கல. மேல பூசினத மட்டும் கொறச்சேன்."

"நீங்க... அவரோட மொத சம்சாரத்துக்கு அக்காதானே?"

"ஆமா. அத மறைக்கல. அவன் மேல எனக்கு இருக்கற ஆத்திரத்தையும் மறைக்கல. ஆனா உன் படம் உன் இஷ்டம். எத அடிக்கச் சொல்றியோ அத அடிக்கறேன். இன்னொண்ண உன் கண்ணு முன்னாடியே அழிச்சிடறேன்."

பெண் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அவரு கூட்டிட்டுப் போன எடத்துல எனக்கொரு போன் வந்துச்சு. கூடப் படிச்சவன். பேசிட்டு வெச்சேன். கார்லயே இப்படி..." தன் கையையே தன் கழுத்தில் வைத்துக் காட்டிவிட்டு உடனே எடுத்துவிட்டாள். "வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட காட்டினேன். அம்மா பவுடர் குடுத்தா."

"அப்பா?"

"அப்பாகிட்டயும் காட்டினேன். அதுக்குள்ள அவரு போன் பண்ணி, உங்க பொண்ணு கார் கதவுல இடிச்சுக்கிட்டா, மருந்து போடுங்கன்னு சொல்லிட்டாரு. எங்கப்பா நல்லவர்தான்க்கா. ஆனா யாரு மொதல்ல சொல்றாங்களோ அதத்தான் நம்புவாரு. இல்லைன்னா கையில ஒரு பேப்பர் இருக்கணும்."

"இந்தா, சின்னதா ஒண்ணு அடிச்சுத் தரேன். கொண்டுபோய் அவர் கையில குடு."

பெண் தலையை ஆட்டினாள். "தனியா காட்டினா தனியாவே மூடிடுவாங்க. பத்திரிக்கை அடிச்சாச்சு, ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு, கல்யாணம் ஆனா சரியாயிடும்னு அம்மா சொல்லுவா. அப்பா யோசிப்பாரு. அவரு யோசிச்சு முடிக்கறதுக்குள்ள நான் அந்த வீட்ல இருப்பேன்." திரையை விரலால் தொட்டாள். "அவரு கேட்ட சைஸ் என்ன?"

"ஆறடிக்கு நாலடி."

"அந்த சைஸ்லயே இத அடிங்க."

"நல்லா யோசிச்சியா? ஊரே பாக்கும். உன்னையும்தான் பாக்கும்."

"பாக்கட்டும். எனக்கென்ன வெக்கம், நானா புடிச்சேன்? புடிச்சவன் பக்கத்துலதானே நிக்கறான் படத்துல."

அக்காவுக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பழக்கமில்லாததால், டீ குடிக்கறியா என்று கேட்டாள்.

நீவிய படத்தை உடனே அழிக்காமல், பெண்ணைக் கேட்டுக்கொண்டு, சின்னதாக டயர்கடையின் போனுக்கு அனுப்பிவைத்தாள். சூப்பர்க்கா, நீங்க தெய்வம் என்று பதில் வந்தது. அதை இரண்டு தடவை படித்தாள். இனித்தது.

பெரிய அச்சு இயந்திரம் பின்னறையில் இருந்தது. அதில் படம் தலையிலிருந்து வராது, காலிலிருந்து வரும். முதலில் செருப்பு, அப்புறம் உடுப்பு, கை என்று அங்குலம் அங்குலமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டுடியோக்காரர் டீ டம்ளரோடு வந்து நின்றார். தோள் வந்தது. கழுத்து வந்தது. அவர் டம்ளரை இயந்திரத்தின் மேல் வைத்தார், அங்கே வைத்தால் மற்றவர்களைத் திட்டுகிறவர்.

"இது ஆர்டரா?"

"ஆர்டர்தான். பொண்ணு வந்து செலக்ட் பண்ணுச்சு. கையெழுத்தும் போட்டுக் குடுத்திருக்கு."

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

கடையை அடித்து நொறுக்குவான் என்பது அவருக்குத் தெரியும். அன்றைக்குத் தங்கச்சியின் படம் அச்சானதும் இதே இயந்திரத்தில்தான். உறையை ஒட்டிக் கொடுத்தவர் அவர். அதை அவர் ஒரு நாளும் பேசியதில்லை, அக்காவும் கேட்டதில்லை. இப்போது முகம் இரண்டும் இறங்கி முடிகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"மழை ஈரத்துல லேமினேஷன் குமிழ் விடும்," என்றார் கடைசியில். "ரெண்டு பேராப் புடிச்சு ஒட்டணும். அந்தப் பக்கம் புடி."

ஒட்டினார்கள். ஒரு குமிழ்கூட விடவில்லை. அவ்வளவு ஒழுங்காக அவர்கள் எந்தக் கல்யாணத்துக்கும் ஒட்டியதில்லை.

இரண்டு நாள் கழித்து, கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு வரவேற்பு. ஈரம் படக் கூடாது, ஆட்கள் வந்த பிறகு பிரித்தால் போதும் என்று சொல்லி, பழுப்புத் தாள் சுற்றியபடியே சட்டத்தை வாசலில் நிறுத்தினார்கள். அக்கா பக்கத்திலேயே நின்றாள். டயர்கடை கோட்டும் சூட்டுமாக வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் பெண், கழுத்து வரைக்கும் மூடிய உடுப்பில். அவன் அம்மா ஒவ்வொருவரையும் பார்த்து, இருங்க, படம் பிரிக்கப் போறோம், பாத்துட்டு உள்ள போங்க என்று நிறுத்திக்கொண்டிருந்தாள். அக்கா இந்த உதவியை எதிர்பார்க்கவில்லை. வாசலில் நாற்பது ஐம்பது பேர் சேர்ந்துவிட்டார்கள்.

அப்போதுதான் தங்கச்சியைப் பார்த்தாள். கேக் டப்பாக்களைக் கயிறு போட்டுக் கட்டி இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு படியேறி வந்துகொண்டிருந்தாள். வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்ப வேண்டிய டப்பா. தானே கொண்டு வந்திருக்கிறாள். பொய்க்காரி வந்திருக்கா பாரு என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் திரும்பவில்லை.

"பிரிங்கக்கா," என்றாள் பெண்.

அக்கா மேல் மூலையில் பிடித்து ஒரே இழுப்பாகக் கிழித்தாள்.

கைதட்டத் தூக்கிய கைகள் பாதியில் நின்றன. ஆறடி உயரத்தில் இருவரும் நின்றார்கள். அவன் முகத்தில் அக்கா ஒரு துளையைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இருக்கிற மாதிரியே சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவள் கழுத்து. கட்டைவிரல் தடம் நிஜக் கட்டைவிரல் அளவுக்கே இருந்தது. மற்ற மூன்று விரலும் காதைப் பார்த்து ஏறின. யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"பிரிண்ட் தப்பா வந்திருக்கு," என்று அவன் அம்மா ஓடிவந்தாள். மேஜை விரிப்பு ஒன்றை உருவி எடுத்து வந்திருந்தாள். "மூடுங்க, மூடுங்க. ஸ்டுடியோக்காரி கோளாறு பண்ணிட்டா. இவ யாருன்னு தெரியும்ல, பொறாம."

"தப்பில்ல அத்தை," என்றாள் பெண். "நான்தான் செலக்ட் பண்ணேன்." சொல்லிக்கொண்டே கழுத்துப் பொத்தான் மூன்றைக் கழற்றிக் காலரை விலக்கினாள். மஞ்சளாகிவிட்டிருந்தது. ஆனாலும் இருந்தது.

டயர்கடை அக்காவிடம் வந்தான். குரல் தணிந்து, பல்லுக்குள்ளிருந்து வந்தது. "உன்ன என்ன பண்றேன் பாரு." அவன் இடது கை மேலே எழுந்தது. எழுந்த பிறகுதான் சுற்றிலும் ஐம்பது பேர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்கு உறைத்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான். அக்கா ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை. இரண்டு வருடப் பசி அப்போதுதான் ஆறியது. அவன் படிப் பக்கம் திரும்பினான். பெண்ணின் தாய்மாமன் படியை மறித்து நின்றுகொண்டிருந்தார். அவர் நகரவில்லை.

பேக்கரிக்காரர் மட்டும் படத்துக்கு முன்னால் தனியாக நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். கட்டைவிரலை நீட்டிப் படத்தில் அந்த இடத்தைத் தேய்த்துப் பார்த்தார், மாவு ஒட்டியிருந்தால் தேய்ப்பது மாதிரி. போகவில்லை. மகளைப் பார்த்தார். மகள் தலையைக் குனியவில்லை. அவருக்குத்தான் தலை குனிந்தது.

பிறகு திரும்பிக் கூட்டத்தில் யாரையோ தேடினார். டப்பாக் கட்டோடு நின்ற தங்கச்சியிடம் போனார்.

"அன்னைக்கு என்கிட்ட என்னமோ சொல்ல வந்தியேம்மா," என்றார். "நான் கேக்கல. இப்ப சொல்லு."

"இங்கயா?"

"இங்கயே சொல்லு. எல்லாரும் இருக்காங்க."

தங்கச்சி டப்பாக்களைக் கீழே வைத்தாள். கயிறு அறுத்த உள்ளங்கையை உடுப்பில் துடைத்தாள். அக்காவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தன் கன்னத்தில் விரலை வைத்து, "மொதல்ல இங்க அடிச்சான்" என்று ஆரம்பித்தாள். குரல் கரகரத்தது, அப்புறம் தெளிந்தது. எத்தனை மணி, எந்தக் கை, கதவை யார் சாத்தியது என்று ஒன்று விடாமல் சொன்னாள். கூட்டம் அசையவில்லை. பேக்கரிக்காரர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடைசி வரைக்கும் கேட்டார். யாரும் போட்டோ கேட்கவில்லை.